சிவப்புப் பெட்டி வராத செவ்வாய்

செயற்கைக் கால் செய்யும் அந்தக் கூடத்தில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினேழு வருஷமாக ஜன்னலோர மேஜை அவளுடையது. ஒரு டேப், தோலில் கோடு போட மெழுகுப் பென்சில், காலைத் தூக்கி வைக்க ஒரு முக்காலி. வருகிறவர் உட்கார்ந்து துணியை ஒதுக்குவார். அவள் தரையில் மண்டியிட்டு, அவருடைய மீதிக் காலை மேலிருந்து கீழாக ஏழு இடத்தில் சுற்றி அளப்பாள். கூச்சப்படுகிறவர்களிடம், "கால் தானே, என்னமோ கல்யாணப் பொண்ணு முகம் மாதிரி மூடறீங்க" என்பாள். சிரித்துவிடுவார்கள். சிரிக்கும்போது தசை தளரும், அளவு சரியாக வரும்.

அளந்ததை நோட்டில் எழுதி, அச்சு அறையில் இருக்கும் மோல்டரிடம் கையோடு கொண்டுபோவாள். அந்த எண்களை வைத்துத்தான் அவர் சாக்கெட் வார்ப்பார். சாக்கெட் என்றால் மீதிக் கால் போய் உட்காரும் கிண்ணம். அது தொளதொளத்தால் ஆள் விழுவார், இறுக்கினால் தோல் கிழியும். மோல்டர் நோட்டைப் பார்த்து முகம் சுளிப்பார். "என்னக்கா இது, கீழே பெருத்து மேலே சிறுத்திருக்கு? காலா, சுரைக்காயா?" அவள் விளக்குவாள். இரண்டு பேரும் கால் மணி நேரம் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் பல பேருடைய கால் பிழைத்தது.

பிறகு புது மேனேஜர் வந்தார். முதல் வாரமே நோட்டுகளை மூட்டை கட்டச் சொன்னார். "கால் செய்ற இடமா, கடுதாசிக் கடையா? எல்லாம் கம்ப்யூட்டர்ல வரணும். யாரு ப்ரோக்ராம் பண்றீங்களோ மேஜை அவங்களுக்கு. யாருக்கும் வரலைன்னா வெளியாள் வருவான், அளவக்கா பாலிஷ் ஷெட்டுக்குப் போகலாம். அங்கே ஆள் பத்தலை."

பாலிஷ் ஷெட் பின்கட்டில் இருந்தது. வார்த்த கிண்ணங்களின் வெளிப்புறத்தை எந்திரத்தில் தேய்க்கும் இடம். வெள்ளைத் தூள் கண் இமையில்கூடப் படிந்திருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இருமலை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல வேண்டும். அளவக்காவுக்கு அந்தத் தூளைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. மேஜை போனால் மனிதர்கள் போய்விடுவார்கள். அவள் கைக்குக் கிடைப்பது வெறும் கிண்ணம்தான்.

கணினி வகுப்பில் சேர்ந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு, பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில். முதல் மாதம் அவள் வரைந்த பொத்தான் அமுக்கினால் அசையவே இல்லை. மேலே "சேமி" என்று எழுதியிருக்கிறது, கீழே செய்ய வேண்டிய வேலையும் எழுதியிருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட மறந்திருந்தாள். அடுத்த மாதம் கூட்டல். மீதிக் காலின் நீளம் பதினான்கு, மெத்தைக்கு இரண்டு, ஆக மொத்தம் பதினாறு வர வேண்டும். திரையில் 142 என்று வந்தது.

"யக்கா, ஒட்டகச்சிவிங்கிக்கா கால் செய்றீங்க?" என்று ஒருவன் கத்த, வகுப்பே மேஜையைத் தட்டியது.

சந்தேகம் தீர்க்க உட்கார்ந்திருந்த வாத்தியார் சிரிக்கவில்லை. அவருக்கு அலுத்துப் போயிருந்தது. "கட்டத்துல நீங்க அடிக்கிறது எண் இல்லம்மா, எழுத்து. மிஷினுக்குப் பதினாலும் ரெண்டும் ரெண்டு துண்டுக் காகிதம். ஒட்டி வச்சிருச்சு. முதல்ல எண்ணா மாத்துங்க, அப்புறம் கூட்டுங்க."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தான் போடும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று தமிழில் குறிப்பு எழுதினாள். ஒருநாள் ப்ரோக்ராமைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மேனேஜர் முன்னால் ஓட்டினாள். அது வகுப்புக் கணினியில் இருந்த கோப்பைத் தேடிக்கொண்டு நின்றது. "அங்கே நல்லா ஓடுச்சு சார்." "அப்ப அந்த மிஷினையும் இடுப்புல தூக்கிட்டு வாங்க." அதையும் சரி செய்தாள். மூன்றாம் மாத முடிவில் ப்ரோக்ராம் ஓடியது. அளவுகளை அடித்துப் பொத்தானை அமுக்கினால், கூடத்துக்கெல்லாம் பொதுவான ஒரு பட்டியலில் கடைசி வரியாகப் போய் உட்காரும். திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வரும். உடனே அச்சு அறை பிரிண்டரில் ஒரு சீட்டு விழும். சீட்டில் பெயரைத் திரையிலிருந்து எடுக்கும், அளவுகளைப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து எடுக்கும். புதிதாகக் கற்றவள் கட்டியது. மேலே போகவும் ஒரே ஏணி, கீழே இறங்கவும் அதே ஏணி.

மேஜை அவளுக்கே என்றார் மேனேஜர். கூடவே ஒரு சட்டமும் போட்டார். "இனிமே நோட்டைத் தூக்கிட்டு அச்சு அறைப் பக்கம் போகக் கூடாது. சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் மோல்டர் செய்யணும். கேள்வி, சண்டை, சுரைக்காய் ஒண்ணும் வேணாம்."

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, சில காலைகளைத் தவிர. சில காலைகளில் பொத்தானை அமுக்கியதும் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட ஒரு பெட்டி திரை நடுவில் குதிக்கும். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு வரி. ப்ரோக்ராம் அப்படியே மூடிக்கொள்ளும். மத்தியானம் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியூர் ஆட்கள் மொத்தமாக அளவுக்கு வரும் நாள், நிர்வாகக் குழுவைச் சுற்றிக் காட்டிக்கொண்டு மேனேஜர் அவள் பின்னால் வந்து நின்றார். பெட்டி சரியாக அப்போது வந்தது.

"பேய் பிடிச்சிருக்கா உங்க ப்ரோக்ராமுக்கு?" என்றார் மேனேஜர். குழு சிரித்தது. அவர்கள் போன பிறகு குனிந்து, சிரிக்காமல் சொன்னார்: "இன்னொரு தரம் அந்தச் சிவப்புப் பெட்டியை நான் பார்த்தேன்னா, ஷெட்டுக்கு நடையைக் கட்டிடுங்க."

அவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் அவனுக்கு டிகிரி என்று பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவனுடையது. அவன் பட்டம் வாங்கிய படம், வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் தலை இடிக்கிற உயரத்தில் மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்கு அளவக்காதான் தினமும் தூசி தட்டுவாள். அவள் எட்டாவதோடு நின்றதும் அவன் பதினாறு வருஷம் படித்ததும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டிகிரி ஒரு கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதினான். மூன்று மாதமாக வேலை இல்லாமல் இருந்தான். அதையும் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து ஈரக் கையோடு அவன், அவள் மேஜையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மடிக்கணினியை இழுத்தான்.

"யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது? கட்டுரைப் போட்டி மாதிரி வரிக்கு வரி விளக்கவுரை எழுதி வச்சிருக்கே."

"எனக்குப் புரியணும்ல."

"எங்கே பெட்டி வருது? சேமிக்கிற இடத்துலயா? சரி." பத்து விநாடி தட்டினான். "முடிஞ்சுது. இனிமே ஜென்மத்துக்கும் பெட்டி வராது."

"ஏன் வந்துச்சு தம்பி?"

"ஏன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே? வராதுன்னு சொன்னேன்ல."

"இல்ல, அது ஏதோ சொல்ல வருது போல..."

"அம்மா, இவளைப் பாரேன். மிஷின் இவகிட்ட மனசு விட்டுப் பேசுதாம்."

அம்மா அடுக்களையிலிருந்து சிரித்தாள். அளவக்காவும் சிரித்தாள். பெட்டி வராது என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. தம்பி செய்தது இவ்வளவுதான்: சேமிக்கும் வரிகளைச் சுற்றி ஒரு வலை கட்டி, தவறு எது வந்தாலும் அதில் விழட்டும் என்று விட்டுவிட்டான். விழுந்ததை என்ன செய்வது என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. சேமிக்க முடியாமல் போனாலும் ப்ரோக்ராம் மூச்சுவிடாமல் அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரி "சேமிக்கப்பட்டது" என்பது.

அடுத்த செவ்வாய் பெட்டி வரவில்லை. எட்டு பேரை அளந்தாள். முதல் ஆள் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், தூண் மாதிரி தொடை. பிறகு ஏழு பேர். ஒல்லி, குட்டை, கிழவர், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, பேருந்து நிலையத்து டிக்கெட்காரர். எட்டுத் தடவையும் திரை "சேமிக்கப்பட்டது" என்றது. மேனேஜர் இரண்டு முறை பின்னால் வந்து பார்த்துவிட்டு, "பாருங்க, மனசு வச்சா முடியுதுல்ல" என்றார். அன்று முழுக்க அந்தச் சொல் அவளுக்கு இனித்தது.

மூன்று வாரத்தில் கால்கள் கொடுக்கப்பட்டன. ஏழு பேருக்கும் கிண்ணம் தொளதொளத்தது. கொடுக்கிற நாள் தள்ளிப்போகக் கூடாது என்று மேனேஜர், "மீதிக் காலுக்கு இன்னும் ரெண்டு துணி உறை சேர்த்துப் போட்டுக்கச் சொல்லுங்க, உக்காந்துக்கும்" என்று அனுப்பிவிட்டார். நான்காம் நாள் டிக்கெட்காரர் பேருந்து நிலையப் படிக்கட்டில், கால் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக உருண்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கை.

அளவக்கா சட்டத்தை மீறி அச்சு அறைக்கு ஓடினாள். மோல்டர் ஏழு சீட்டுகளையும் ஆணியிலிருந்து உருவிக் கொடுத்தார். பெயர் ஏழு, அளவு ஒன்று. எல்லாம் மூட்டைக்காரருடைய அளவு.

"ஏழும் ஒரே அளவுன்னு நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"சீட்டுல இருக்கறதைச் செய், கேள்வி கேட்காதேன்னாரு. செஞ்சேன்." அவர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். "பதினேழு வருஷம் என்கிட்ட வந்து நின்னே. மிஷின் வந்ததும் பிரிண்டரை அனுப்பிட்டே. பிரிண்டர்கிட்ட நான் என்ன பேசட்டும்?"

நிர்வாகக் குழு விசாரணை வைத்தது. அதற்கு மூன்று நாள் இருந்தது. அவள் தம்பி போட்ட வரிகளைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தமிழ்க் குறிப்பு இல்லாத வரிகள் அவை மட்டும்தான். அவற்றை அழித்துவிட்டுச் சேமித்துப் பார்த்தாள். ஒழுங்காகச் சேமித்தது. பெட்டியே வரவில்லை. வேண்டாதபோது குதித்தது இப்போது கெஞ்சினாலும் வராது போலிருந்தது. கடைசியில், முன்பு எழுத்தெழுத்தாகப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருந்த அந்த இரண்டு வரியை வகுப்பு வாத்தியாருக்குத் தொலைபேசியில் வாசித்தாள்.

"இதுக்கா இத்தனை பாடு?" என்றார் அவர். "உங்க பட்டியலை வேற யாரோ அவங்க கம்ப்யூட்டர்ல திறந்து வச்சிருக்காங்கம்மா. அவங்க மூடற வரைக்கும் நீங்க எழுத முடியாது. அதைத்தான் அது சொல்லியிருக்கு. புதுசா கத்துக்கறவங்க எல்லாருக்கும் வர்றது தான்."

யார் திறந்து வைப்பார் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க் காலைகளில் மேனேஜர் தன் அறையில் பட்டியலைத் திறந்து, தலைமையகத்துக்கு எண்ணிக்கை சொல்லிவிட்டு, திறந்தபடியே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போவார்.

விசாரணைக்குத் தம்பியையும் வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். "உங்க தம்பி பெரிய படிப்பாமே, வந்து பார்த்துச் சொல்லட்டும்." அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசலில் அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அவன் கை வச்சான்னு வாயைத் திறந்துடாதேடி. ஆபீஸ்காரங்க பார்க்கறாங்க. ஒரு வேலை அமையற நேரம்."

"என் வேலைம்மா?"

"உனக்கென்ன, எங்கே போட்டாலும் பிழைச்சுக்குவே. அவன் படிச்சவன்டி, அவனால வேற என்ன செய்ய முடியும்?"

தம்பி பெயரைச் சொல்வதில்லை என்று அவளும் முடிவு செய்திருந்தாள். ஏன் என்று கண்டுபிடித்தாயிற்று. அது போதும் என்று நம்பினாள். ஏன் என்பதைக் காட்டிவிட்டால் யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

நிர்வாகக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேனேஜரிடம், "சார், உங்க ரூம்ல பட்டியலைத் திறந்து வச்சுட்டு வாங்க" என்றாள். அவர் குழுவைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், போய்த் திறந்துவிட்டு வந்தார். அவள் ஏழு எண் அடித்துப் பொத்தானை அமுக்கினாள்.

சிவப்புப் பெட்டி குதித்தது.

"இதான் சார். வேற இடத்துல திறந்திருந்தா எழுதாது. அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் ஆளுக்கு அப்புறம் திறந்திருந்தது. அந்த ஏழு பேர் அளவும் எழுதலை. பழைய கடைசி வரியே திரும்பத் திரும்பச் சீட்டுல போயிருக்கு. இப்ப மூடிட்டு வாங்க, எழுதும் பாருங்க." பல வருஷமாகப் பூட்டியிருந்த பெட்டகத்தை ஊசியால் திறந்தவள் முகம் அப்போது அவளுக்கு. மூடினார்கள். எழுதியது.

குழுவில் ஒருவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது, திரும்பினார். மேனேஜரின் கழுத்து மெல்லச் சிவந்தது.

"அதாவது, அந்த டிக்கெட்காரர் விழுந்தது என்னாலன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லலை சார்..."

"பட்டியலைத் திறந்து பார்க்கறது மேனேஜர் வேலை. சரி, எழுத முடியலைன்னா பெட்டி வரணும்ல? அன்னைக்கு ஏன் வரலை? 'சேமிக்கப்பட்டது'ன்னு ஏன் பொய் சொல்லுச்சு?"

"அந்த இடத்துல... தவறு வந்தா சும்மா விட்டுடற மாதிரி நாலு வரி இருந்துச்சு சார். எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? நகல் வச்சிருக்கீங்களா?"

இல்லை. மாற்றுவதற்கு முன் பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. மேனேஜர் டிகிரியைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. அது என்ன நாலு வரி?"

டிகிரி தொண்டையைச் செருமினான். அக்காவைப் பார்க்காமல், குழுவின் நடு ஆளைப் பார்த்துப் பேசினான். "அதுக்குப் பேரு காலி கேட்ச் சார். தப்பு வந்தா என்னன்னு பார்க்காம வாயைப் பொத்தி வைக்கிறது. ஆரம்பக்காரங்க எல்லாரும் பண்ற தப்பு. பெட்டி வந்தா பயம், அதனால மூடிடுவாங்க. முறையா படிச்சவன் யாரும் இதைச் செய்ய மாட்டான்."

அளவக்கா அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "தம்பி. ஞாயித்துக்கிழமை, சாப்பிட்டுட்டு..."

"அக்கா." அவன் சிரித்தான். பாசமாகவே சிரித்தான். "நான் எழுதியிருந்தா இப்படியா எழுதுவேன்?"

அறை மொத்தமும் அவனோடு சேர்ந்து சிரித்தது. அவளுக்குத் தெரிந்த பதினேழு வருஷத்தில் சிரித்தவர்கள் தசை தளர்ந்துதான் உட்கார்ந்தார்கள். இவர்களும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். குற்றம் உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டது.

ஒன்றாம் தேதியிலிருந்து அவள் பாலிஷ் ஷெட். ஜன்னலோர மேஜையில் டிகிரி உட்கார்ந்தான். ப்ரோக்ராமைப் புதிதாக எழுதவும், அதுவரை அளவு எடுக்கவும். அம்மா முதல் நாள் வந்து மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்கட்டுக்கு வராமலே போனாள்.

இரண்டாம் வாரம் டிக்கெட்காரர், மாவுக்கட்டுக் கையோடு, இடது அக்குளில் ஒரு கட்டையை ஊன்றி ஷெட் வாசலில் வந்து நின்றார். தூளுக்குள் அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இங்கே தள்ளிட்டாங்களா? நல்லது. ஒன்பது வருஷம் உன் கையில காலைக் குடுத்தேன். நல்லாத் தள்ளி விட்டே படியில."

"புதுசுக்கு அளவு குடுத்துட்டீங்களாண்ணே?"

"குடுத்தாச்சு. ரெண்டே நிமிஷம். இதுக்கு முந்தி போட்டிருந்த பழைய காலை மாட்டிக்கிட்டுத்தான் வந்தேன். உக்காந்தேன், கழட்டினேன், டேப்பைச் சுத்தினான், முடிஞ்சுது. நீ காத்துல வை, அசைக்காதேன்னு மணிக்கணக்கா உக்கார வைப்பே. படிச்ச கை வேற தான்."

"கழட்டின உடனேயா சுத்தினான்?"

காலையிலிருந்து கிண்ணத்துக்குள் நசுங்கிக் கிடந்த மீதிக் கால் தன் அளவுக்குத் திரும்பக் கால் மணி நேரமாவது ஆகும். உடனே அளந்தால் எண் குறைவாக வரும். குறைவான எண்ணில் வார்த்த கிண்ணம் கடிக்கும். எந்தக் கணினியும் அதைத் தடுக்காது. முப்பத்தொன்றும் எண்தான், இருபத்தொன்பதும் எண்தான்.

"உக்காருங்கண்ணே, இங்கேயே நான் ஒரு தரம்..." அவள் மண்டியிட்டாள்.

"தொடாதே." அவர் பின்னால் நகர்ந்தார், கட்டை வழுக்கியது, சமாளித்தார். "மிச்சம் இருக்கறது ஒரு கை. அதையும் முறிச்சுடாதே."

"நாளைக்குப் போய், கால் மணி நேரம் கழிச்சு எடுக்கச் சொல்லுங்க. அது மட்டும் சொல்லுங்கண்ணே."

"உங்கம்மா சொன்னாங்க. தம்பி முன்னுக்கு வந்தா உனக்கு வயித்தெரிச்சலாம்." அவர் திரும்பிப் போனார்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கிண்ணம் பாலிஷுக்கு வந்தது. சீட்டில் அவர் பெயர். அவள் கையை உள்ளே விட்டு விரல்களை விரித்தாள். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், இரண்டு சென்டிமீட்டர் குறைவு. ஷெட் மேஸ்திரியிடம் கொண்டுபோனாள்.

"உள்பக்கம் கொஞ்சம் தேய்ச்சு விட்டுடலாம். யாருக்கும் தெரியாது."

"உள்பக்கம் அளவு. அது முன்கட்டு வேலை. நமக்கு வெளிப்பக்கம்," என்றார் அவர், இருமலுக்கு நடுவில். "இன்னொரு விசாரணை வேணுமா உனக்கு?"

அவள் எந்திரத்துக்குப் போய் வெளிப்பக்கத்தைத் தேய்த்தாள். நன்றாகத் தேய்த்தாள், அரைகுறையாக வேலை செய்ய அவளுக்கு வராது. கால் கொடுக்கும் நாளன்று படம் எடுக்க வந்த மேனேஜர் அதைக் கையில் திருப்பிப் பார்த்து, "முகம் தெரியுதே! இதான்யா வேலை" என்றார். டிகிரி பக்கத்தில் நின்றான். டிக்கெட்காரர் காலை மாட்டிக்கொண்டு எழுந்து, கட்டை இல்லாமல் நான்கு அடி நடந்து காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் சிரித்தார்.

முதல் நாள் எதுவும் வலிக்காது. தோல் கிழிய ஒரு வாரமாவது ஆகும்.